நெகிழ்வட்டுக்குள் பூட்டிக் கிடக்கும் பள்ளி மலர்கள்



கம்போங் குவாந்தான் என்றதும் வெளியூர் அன்பர்களுக்கு மின்மினிப் பூச்சிகள்தாம் நினைவுக்கு வரும். ஆனால், கோலசிலாங்கூர் வட்டாரத்திற்குத் தோட்ட வரலாறு ஒன்றும் உண்டு. இந்நாட்டின் முதல் வாணிக எண்ணெய்ப்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டில் பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியின் தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. தமிழ்ப் பெயர் தாங்கிய அத்தோட்டத்தைப் போன்று இங்குப் பல தோட்டங்களும் அவற்றை ஒட்டித் தமிழ்ப்பள்ளிகளும் எழுந்தன. அம்மக்களின் வாழ்வைப் பதிந்து வைத்தவை பெரும்பாலும் பள்ளிகள் வெளியிட்ட ஆண்டு மலர்களும் விழா மலர்களுமே. 1990-களில் அம்மலர்கள் கணினியில் உருவாகத் தொடங்கின. அக்கோப்புகளுள் பலவற்றை இன்று திறந்தால் படிக்க முடிவதில்லை. இது ஏன் நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈய எழுத்திலிருந்து லேசர் அச்சுக்கு

தமிழ் அச்சுக்கோப்பவரின் பணி எளிதன்று. ஆங்கிலத்திற்கு 26 எழுத்துகள், தமிழுக்கோ 247. உயிர்மெய் வடிவங்களுக்கெனத் தனித்தனி ஈய எழுத்துகள் பலவற்றை அறைப்பெட்டிகளில் அடுக்கி வைக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து 1907-இல் மலாயா வந்து, பின் சிங்கப்பூரில் பணியாற்றிய இரா. முத்தையா, இத்தனை எழுத்துகளையும் தட்டச்சுப் பொறிக்குள் அடக்க வழி கண்டார். தமிழ்த் தட்டச்சின் தந்தை நம் மண்ணில் வாழ்ந்தவர் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, னை முதலான 13 எழுத்துகளின் வடிவை மாற்றி அச்சுப் பணியை மேலும் எளிதாக்கியது. அச்சீர்திருத்தம் பின்னர் மலேசியப் பள்ளிகளுக்கும் வந்தது.

1985-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. ஆப்பிள் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறியும் ஆல்டசு நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருளும் அவ்வாண்டில்தான் வெளிவந்தன. அச்சகம் செய்த வேலையை ஒரு மேசையின் மேல் செய்யலாம் என்னும் நிலை பிறந்தது, டி.டி.பி. என்னும் தொழிலும் பிறந்தது. அதே 1985-இல் நம் நாட்டின் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

கண்காட்சிக் கூடத்தில் தமிழ்

1990-களின் இறுதியில் கோலாலம்பூரில் நடந்த ஒரு கணினி வாணிகக் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். பள்ளி மலரை அச்சிடுவதற்கும் பள்ளி விழாக்களை ஒளிப்பதிவு செய்து தொகுப்பதற்கும் எவை கிடைக்கும் என்று அறிவதே நோக்கம். கூடம் முழுதும் லேசர் அச்சுப்பொறிகள், வருடிகள், ஒளிநாடாவைக் கணினிக்குள் ஏற்றும் அட்டைகள். திரையில் படத்தை வெட்டி ஒட்டிக் காட்டிய இடத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. படத்தின்மேல் ஆங்கிலத் தலைப்பு மிதந்து வந்தது. "தமிழில் தலைப்பு வருமா?" என்று கேட்டேன். "எழுத்துரு இருந்தால் வரும்" என்றார் விற்பனையாளர்.

அக்காலத்தில் தமிழ் எழுத்துருவும் ஒரு விற்பனைச் சரக்கு. தொகுப்பு தொகுப்பாக விற்றார்கள். சில மென்பொருள்களுக்குக் கணினியின் பின்புறம் செருகும் பூட்டும் உண்டு. அது தொலைந்தால் மென்பொருள் இயங்காது. விற்பவர்கள் எழுத்தின் அழகைக் காட்டினார்கள். அந்த எழுத்து நாளை வேறு கணினியில் திறக்குமா என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

256 அறைகள்

பழைய எழுத்துரு ஒவ்வொன்றும் 256 அறைகள் கொண்ட அலமாரி போன்றது. முதல் 128 அறைகள் ஆங்கிலத்திற்கு உரியவை. சில தமிழ் எழுத்துருக்கள் ஆங்கிலத்தின் அறைகளிலேயே தமிழை வைத்தன. சில எஞ்சிய அறைகளில் வைத்தன. எந்த அறையில் எந்த எழுத்து என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்துகொண்டது. ஆகவே, கோப்பில் பதிவாகியிருப்பது 'அ' என்னும் எழுத்தன்று. ஓர் அறையின் எண் மட்டுமே. எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ். எழுத்துரு போய்விட்டால் பொருளற்ற குறிகளின் குவியல்.

எழுத்துருவை விற்ற நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் பள்ளி என்ன செய்யும்? எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் மலருக்கு நேர்ந்தது இதுதான். பணமும் போயிற்று, நெகிழ்வட்டு மட்டும் அலமாரியில் எஞ்சியது.

ஒரே மேசையில் அமர்ந்தவர்கள்

இச்சிக்கலைத் தீர்க்கக் கணினி வல்லுநர்கள் கூடினர். சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் 1997-இல் அங்கு முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. அதன் பயனாகத் 'தமிழ் 99' விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் அறிவிக்கப்பட்டன. இணைய அன்பர்கள் திஸ்கி என்னும் முறையை வளர்த்தனர். 2000-இல் சிங்கப்பூரில் 'உத்தமம்' அமைப்பு உருவானது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரிலும், 2013 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மாநாடுகள் நடந்தன.

எங்கள் ஆற்றங்கரையின் மின்மினிகள் ஒன்றோடொன்று இசைந்து ஒளிர்வதால்தான் மரம் முழுதும் விளக்கேற்றியதுபோல் தெரிகிறது. தமிழ்க் கணிமையில் அந்த இசைவை இறுதியில் தந்தது ஒருங்குறியே. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. வின்டோசு 2000-இல் 'லதா' எழுத்துருவுடன் அது கணினிகளை எட்டியது.

அச்சகங்கள் உடனே மாறாதது ஏன்?

'தோட்டம்' என்னும் சொல்லைப் பாருங்கள். பழைய எழுத்துருவில் இரட்டைக் கொம்பு, த, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு செய்வோம். ஒருங்குறியில் 'த' முதலிலும் ஓகாரக் குறி அடுத்தும் பதிவாகும்; கொம்பை முன்னே நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் வேலை. பேஜ்மேக்கருக்கு அது தெரியாது. அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்கு அவ்வசதி 2012-இல் வந்த சி.எசு.6 பதிப்பில்தான் கிட்டியது. அதுவரை அச்சகத்தார் பழைய எழுத்துருக்களையே நம்பியிருந்தனர். ஒளிப்படத் தலைப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றதற்கும் இதுவே காரணம். 2010 சூனில் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு டேஸ்-16 என்னும் முறையையும் ஏற்றதன் பின்னணியிலும் இச்சிக்கல் இருந்தது.

நாம் செய்ய வேண்டியவை

1. பள்ளி அலமாரியிலுள்ள நெகிழ்வட்டுகளையும் குறுவட்டுகளையும் உடனே படியெடுத்து வையுங்கள். அவை நெடுநாள் தாங்கா.

2. ஒவ்வொரு கோப்பும் எந்த எழுத்துருவில் உள்ளது என்று குறித்து வையுங்கள். பெயர் தெரிந்தால் எழுத்துமாற்றிகளின் துணைகொண்டு ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம்.

3. பி.டி.எப். கோப்பு கண்ணுக்குச் சரியாகத் தோன்றினாலும் ஏமாற்றக்கூடும். அதிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து வேறு பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் நன்று. குறிகளாக வந்தால் உள்ளே இருப்பது பழைய எழுத்துருவாக இருக்கலாம்.

4. மாற்றிய பின் ஆள்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் அச்சுப்படியோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். இப்பணியில் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் உயர்நிலை மாணவர்களும் உதவலாம்.

5. இனிமேல் மலர் அச்சிடக் கொடுக்கும்போது, அச்சுப்படியோடு ஒருங்குறிக் கோப்பையும் அச்சகத்தாரிடம் கேட்டுப் பெறுங்கள்.

பல தோட்டங்கள் இன்று இல்லை. லயங்கள் இடிந்தன, பள்ளிகள் இடம் மாறின. அங்கு வாழ்ந்தவர்களின் பெயர்களும், முதல் தலைமையாசிரியரின் நினைவும், பள்ளிக் கூரைக்குத் தகரம் கொடுத்தவரின் கொடையும் அந்த மலர்களில்தான் உள்ளன. அவற்றை நம் பிள்ளைகள் படிக்கும்படி செய்வது நம் கையில்தான் இருக்கிறது. வரும் பள்ளி விடுமுறையில் ஒரு மலரையேனும் எடுத்துத் தொடங்குங்கள்.