ஸ்டேஷன் வேகன்: நாம வேண்டாம்னு சொன்ன கார்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

சில மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, திருச்சியில ஒரு கார் கன்சல்டிங் வாசல்ல நானும் அப்பாவும் நின்னுட்டிருந்தோம். எதிர்ல ஒரு ஸ்கோடா ஆக்டேவியா காம்பி. 2005 மாடல், 1.9 லிட்டர் டர்போ டீசல். மீட்டர்ல 1,38,000 கிலோமீட்டர், விலை 2 லட்சத்து 75 ஆயிரம். எனக்குக் கண்ணெல்லாம் பளபளன்னு ஆயிடுச்சு.

அப்பா வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தார். பின்பக்கம் வந்ததும் நின்னுட்டார். "ஏன்டா, இது ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கே?"

அந்த ஒரு கேள்விதான் இந்த எபிசோடு. ஐரோப்பாவுல குடும்பங்கள் ஆசையா வாங்குற ஒரு காரைப் பார்த்தா நமக்கு மட்டும் ஏன் ஆம்புலன்ஸ் ஞாபகம் வருது? அப்படி எல்லாரும் ஒதுக்குன காரை, அதுவும் ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடினதை, வாங்குறது புத்திசாலித்தனமா, இல்ல முட்டாள்தனமா?

பேர் வந்த கதை

செடானைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். எஞ்சின் ஒரு பெட்டி, நாம உட்கார்றது ஒரு பெட்டி, டிக்கி ஒரு பெட்டி. அந்தக் கூரையைக் கடைசி வரைக்கும் அப்படியே நீட்டி, பின்னாடி ஒரு பெரிய கதவு வெச்சா அதுதான் எஸ்டேட். அமெரிக்காவுல ஸ்டேஷன் வேகன்னு சொல்வாங்க.

ஸ்டேஷன்னா ரயில்வே ஸ்டேஷனேதான். கார் புதுசா வந்த காலத்துல தூரப் பயணம் எல்லாம் ரயில்ல. ஸ்டேஷன்ல இறங்குறவங்களையும் அவங்க பெட்டி படுக்கையையும் ஏத்திட்டுப் போக, கார் சேஸிஸ் மேல மரத்துல பாடி கட்டினாங்க. இங்கிலாந்துல அதே வண்டி கிராமத்துப் பண்ணை வீடுகளுக்குப் போச்சு. பண்ணை நிலத்துக்கு அங்க எஸ்டேட்னு பேர், அதனால எஸ்டேட் கார். நம்ம ஊர்ல எஸ்டேட் கார்னு சொன்னா டீ எஸ்டேட் முதலாளி காரான்னு கேப்பாங்க. பெரிய தப்பு ஒண்ணும் இல்ல.

எங்க ஊர் அரியலூர் மாவட்டத்துல செந்துறை. விழுப்புரம்–திருச்சி கார்டு லைன்ல எங்களுக்கும் ஒரு ஸ்டேஷன் இருக்கு. முந்திரி விளையுற ஊரு. அங்கேயும் ஸ்டேஷன்ல இறங்கி மூட்டையோட வீட்டுக்குப் போற வேலை எப்பவும் இருந்துச்சு. அதை மாட்டு வண்டி செஞ்சுது, அப்புறம் அம்பாசடர் டாக்ஸி, அப்புறம் ஷேர் ஆட்டோ, இப்ப குட்டியானை. ஸ்டேஷன் வேகன் மட்டும் வரவே இல்ல.

மூட்டை வண்டி ரேஸுக்குப் போச்சு

மூட்டை தூக்குற வண்டிக்கு வேகம் எதுக்குன்னு தோணும். 1994-ல வால்வோ கம்பெனி பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்துல 850 எஸ்டேட்டை இறக்கினாங்க. செடான்களுக்கு நடுவுல ஒரு நீளமான பெட்டி வண்டி! ரிக்கார்ட் ரைடலும் யான் லாமர்ஸும் ஓட்டினாங்க. சாம்பியன்ஷிப் கிடைக்கல. ஆனா ஜனங்க அந்தக் காரை மறக்கவே இல்ல. அடுத்த வருஷம் விதி மாறி இறக்கைகள் வைக்கலாம்னு ஆச்சு. எஸ்டேட் வடிவத்துல அது பலன் தராதுன்னு வால்வோ செடானுக்கு மாறிட்டாங்க.

அதே 1994-ல ஆடி கம்பெனி, போர்ஷேவோட சேர்ந்து ஆர்.எஸ்.2 அவாண்ட் கொண்டு வந்தாங்க. 2.2 லிட்டர், அஞ்சு சிலிண்டர் டர்போ, 315 குதிரைத்திறன். பிரேக்கும் வீலும் போர்ஷே. செஞ்சது மூவாயிரத்துக்கும் குறைவு. பின்னாடி நாய்க்குட்டியும் தள்ளுவண்டியும் ஏத்திட்டு, பக்கத்து லேன்ல போற ஸ்போர்ட்ஸ் காரை முந்தலாம். 'பெர்ஃபார்மன்ஸ் எஸ்டேட்'னா என்னன்னு பெரும்பாலான பேருக்குப் புரிய வெச்ச கார் இதுதான்.

இந்தியாவுல என்ன ஆச்சு?

நம்ம கிட்ட எஸ்டேட்டே இல்லைன்னு நினைக்காதீங்க. அம்பாசடர்லயே எஸ்டேட் இருந்துச்சு. சென்னையில ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961-லேருந்து ஹெரால்டு கார் செஞ்சாங்க, அதோட எஸ்டேட் வடிவம் பேரு கம்பானியன். ஆனா லைசென்ஸ் காலத்துல ஒரு சாதா காருக்கே வருஷக்கணக்குல காத்திருக்கணும். வாழ்நாள்ல ஒரே ஒரு கார் வாங்கப் போறவர், பார்க்க மதிப்பா இருக்குற செடானைத்தான் வாங்குவார். நீளக் கூரை வெச்ச அம்பாசடரை ஜனங்க எங்க பார்த்தாங்க? ஆஸ்பத்திரி வாசல்ல. அம்பாசடர்ல ஆம்புலன்ஸும் வந்துச்சு, சவ ஊர்தியும் வந்துச்சு. அப்பாவோட கேள்விக்குப் பாதி பதில் இதுதான். அவர் தலைமுறை அந்த வடிவத்தைச் சந்தோஷமான நாள்ல பார்த்ததே இல்ல.

1992-ல டாடா எஸ்டேட் வந்துச்சு. பிக்கப் லாரியோட அடித்தளத்துல கட்டினது, டீசல் எஞ்சின். இருபது வருஷம் முன்னாடியே வந்துட்ட காருன்னு இன்னிக்கும் சொல்வாங்க, ஆனா விக்கல. 2000-ஐ ஒட்டி மாருதி பலேனோ ஆல்டுரா. 1.6 லிட்டர் பெட்ரோல், 90-க்கு மேல குதிரைத்திறன், அன்னைக்கு நல்ல வேகமான கார். அதுவும் விக்கல. ஓப்பல் கோர்சா ஸ்விங், 2004-ல டாடா இண்டிகோ மெரினா. எல்லாமே கொஞ்ச நாள்ல காணாமப் போச்சு.

ஏன்? "நமக்கு டேஸ்ட் இல்ல"ன்னு சொல்றது சுலபம். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ரெண்டு காரணம் தெளிவா இருக்கு.

ஒண்ணு, எஸ்டேட் செய்ய வேண்டிய வேலையை வேற வண்டிகள் எடுத்துக்கிச்சு. 1994-ல டாடா சுமோ, 2000-ல குவாலிஸ், 2005-ல இன்னோவா. ஏழெட்டுப் பேர் உட்காரலாம், டீசல், டாக்ஸியாவும் ஓட்டலாம். குலதெய்வம் கோயிலுக்கு எட்டுப் பேர் கிளம்புற குடும்பத்துக்கு, அஞ்சு சீட்டும் பெரிய டிக்கியும் எதுக்கு?

ரெண்டாவது காரணம் ஒரு அளவு டேப். 2006 மத்திய பட்ஜெட்ல, நாலு மீட்டருக்குள்ள நீளம், சின்ன எஞ்சின் இருந்தா எக்சைஸ் வரி 24 சதவீதத்துலேருந்து 16-ஆ குறைஞ்சுது. அதுக்கு டாடா என்ன செஞ்சாங்க பாருங்க. இண்டிகோவோட வாலை வெட்டி, 2008-ல நாலு மீட்டருக்குள்ள இண்டிகோ சி.எஸ். கொண்டு வந்தாங்க. அது விலை கம்மி. மெரினாவோ பின்னாடி நீளுறதையே பெருமையா வெச்ச கார். வரி விதி "வாலை வெட்டு"ன்னு சொல்லும்போது, வாலையே மூலதனமா வெச்ச வண்டி எப்படிப் பிழைக்கும்?

அமெரிக்காவுலயும் இதுதான். 1970-களோட எரிபொருள் விதிகள் கார்களுக்கு ஒரு அளவு, இலகு டிரக்குகளுக்கு இன்னொரு அளவு வெச்சுது. 1983 கடைசியில கிரைஸ்லர் மினிவேன் வந்துச்சு. அப்புறம் எஸ்.யு.வி. ஸ்டேஷன் வேகன் பிறந்த ஊர்லயே மறைஞ்சுது. நாம ஆசைப்பட்டு வாங்குறதா நினைக்குற பல வடிவங்கள், உண்மையில வரி அட்டவணையில வரைஞ்சது.

அப்புறம் இந்தியாவுல எஸ்டேட் வந்தது பணக்காரங்களுக்கு மட்டும். 2015-ல ஆடி ஆர்.எஸ்.6 அவாண்ட், 560 குதிரைத்திறன், விலை 1 கோடியே 35 லட்சம். 2017-ல வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி, 60 லட்சம். சம்பளக்காரனுக்கு மிச்சம் இருக்குறது பழைய ஆக்டேவியா காம்பிதான். ஐரோப்பாவுல அதோட ஆர்.எஸ். காம்பிக்கு 180 குதிரைத்திறன். இந்தியாவுக்கு 2004-ல ஆர்.எஸ். செடானா, 150-ஆ வந்துச்சு. நான் பார்த்தது 90 குதிரைத்திறன் டீசல். காகிதத்துல கம்மிதான். ஆனா 210 நியூட்டன் மீட்டர் டார்க் 2,000 ஆர்.பி.எம்-முக்குக் கீழேயே கிடைக்கும். மூட்டை ஏத்திட்டு ஹைவேல லாரியை முந்த அதுதான் வேணும்.

மீட்டரும் ஸ்டிக்கரும்

சரி, கன்சல்டிங் வாசலுக்குத் திரும்புவோம்.

எனக்கு இந்தக் கார் ஏன் வேணும்னா, அப்பாவுக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆச்சு. உயரமான எஸ்.யு.வி-ல ஏற முடியல. வாக்கர், சேர் எல்லாம் மடிக்காம பின்னாடி போடணும். சென்னையிலேருந்து செந்துறைக்குச் சுமார் 250 கிலோமீட்டர், மாசம் ரெண்டு தடவை. கையில இருக்குறது மூணரை லட்சம். இதுக்கு மேல லோன் போடற நிலைமை இல்ல.

அரியலூர்லேருந்து ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். நான் லேப்டாப்பையும் ஸ்கேனரையும் எடுத்து மாட்டினேன். டிஜிட்டல் மீட்டர்ல கிலோமீட்டர்ங்கறது ஒரு மெமரி சிப்ல இருக்குற எண். அதைத் திருத்த கருவி இருக்கு, பத்து நிமிஷ வேலை. புதுக் கார்கள்ல வேற கன்ட்ரோல் யூனிட்களும் தூரத்தைப் பதிஞ்சு வெச்சிருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவ்வளவு பழைய வண்டியில எனக்கு ஒண்ணும் சிக்கல.

அண்ணன் மீட்டரைப் பார்க்கவே இல்ல. கிளட்ச் பெடல் ரப்பரைத் தடவினார், வழவழன்னு இருந்துச்சு. டிரைவர் சீட் ஓரம் பிஞ்சிருந்துச்சு. அப்புறம் பானெட்டைத் திறந்து, ஒரு ஓரத்துல துணியால துடைச்சார். ஒரு பழைய ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கர். "அடுத்த சர்வீஸ்: 2,41,000."

"தம்பி, 1,38,000-ல நிக்கற வண்டி, 2,41,000-க்கு அடுத்த சர்வீஸை எப்பவோ முடிச்சிருச்சு போல," அப்படின்னார்.

விக்கறவர் சிரிச்சுட்டே, "மீட்டர் போர்டு மாத்தினோம் தம்பி, அதான். ரெண்டுக்கு எடுத்துக்கோங்க" அப்படின்னார். ஒரு நொடி ஆசைப்பட்டேன், பொய் சொல்லல. அப்பாதான், "ஒரு பொய் சொன்னவன் இன்னும் எத்தனை சொல்லியிருப்பான்? வா போகலாம்"னு கிளம்பிட்டார்.

திரும்பி வரும்போது அண்ணன் சொன்னதுதான் நான் கத்துக்கிட்டது. "ரெண்டரை லட்சம் ஓடறது குத்தம் இல்ல தம்பி. இந்த டீசல் எஞ்சின் பார்த்துக்கிட்டா அதுக்கு மேலயும் ஓடும். எப்போ என்ன மாத்தினாங்கன்னு தெரியாததுதான் குத்தம்." டைமிங் பெல்ட்டையே எடுத்துக்கோங்க. இந்த எஞ்சின்ல அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிடும், எஞ்சின் செலவு காரோட விலையைத் தாண்டிடும். மாத்தின பில் இருந்தா நிம்மதி. பில் இல்லைன்னா அன்னைக்கே மாத்தணும். மீட்டரைத் திருத்தறவன் எண்ணை மட்டும் திருடல, அடுத்து எது எப்போ போகும்னு கணக்குப் போடற வழியையே திருடறான்.

எஸ்டேட்டுக்குன்னே இன்னொரு கணக்கும் இருக்கு. நடு பில்லர் வரைக்கும் இது சாதா ஆக்டேவியா. பிரேக், சஸ்பென்ஷன், ஹெட்லைட் எல்லாம் கிடைக்கும். அதுக்குப் பின்னாடி இருக்குறது எல்லாம் அநாதை. பின் கதவு, அதோட கண்ணாடி, பின் பக்கக் கண்ணாடி, கதவைத் தூக்கிப் பிடிக்கிற கேஸ் ராடு. ரொம்பக் கொஞ்சமா வித்த காருக்கு இதெல்லாம் தேடி அலையணும். அதனால இந்த மாதிரி காரைப் பின்பக்கத்துலேருந்து பாருங்க. டிக்கி தரையைத் தூக்கி வெல்டிங் அடையாளம் இருக்கா, துரு இருக்கா, பின் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கான்னு பாருங்க.

கடைசியில

ரெண்டு மாசம் கழிச்சு கோயம்புத்தூர்ல இன்னொரு காம்பி கிடைச்சுது. மீட்டர்ல 2,86,000. முதல் காரை விட ரெண்டு மடங்குக்கு மேல. ஆனா ஒரு தடியான ஃபைல் நிறைய பில். நாங்க அதைத்தான் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கு வாங்கினோம். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச், புஷ் எல்லாம் மாத்த இன்னொரு 85 ஆயிரம் ஆச்சு. 20 வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கற கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ரூபாயா ஏத்திட்டாங்க, அதையும் கணக்குல வெச்சுக்கோங்க. அரியலூர் பக்கம் சிமென்ட் லாரி ஓடற ரோடு, தூசி அதிகம். ஏர் ஃபில்டரை மத்தவங்களை விட சீக்கிரமே மாத்தறேன். பின் கதவு லைட் ஒண்ணு விரிசல் விட்டிருக்கு, செல்லோ டேப் ஒட்டி வெச்சிருக்கேன். இன்னும் தேடிட்டிருக்கேன்.

எல்லாருக்கும் இதைச் சிபாரிசு பண்ண மாட்டேன். ஒரே கார், தினம் ஆபீஸ், நம்பிக்கையான மெக்கானிக் இல்லைன்னா ஒரு சாதாரண புது கார் வாங்குறதே நல்லது.

போன வாரம் சாயங்கால பாசஞ்சர்ல அத்தை வந்தாங்க, ரெண்டு மூட்டை முந்திரி, ஒரு பலாப்பழத்தோட. செந்துறை ஸ்டேஷன் வாசல்ல பின் கதவைத் தூக்கினேன். எல்லாம் உள்ள போயும் இடம் மிச்சம் இருந்துச்சு. அப்பா முன் சீட்ல கையை ஊனாம உட்கார்ந்தார். அத்தை வண்டியைப் பார்த்து, "இது என்ன அண்ணே, ஆம்புலன்ஸா?"ன்னாங்க.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இது ஸ்டேஷன் வேகன்," அப்படின்னார் அப்பா.

உங்க வீட்டுல யாராவது டாடா எஸ்டேட்டோ பலேனோ ஆல்டுராவோ வெச்சிருந்தா, அந்தக் கதையை எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.