அம்புக்குறி எங்கே தொடங்குது?

மூளையின் வரைபடம் ஒன்றை எடுத்துப் பார்த்தால் அம்புக்குறிகள் நிறைய இருக்கும். நாங்களும் அவற்றைப் பாடமாக்கிவிட்டுக் கடந்து போய்விடுவோம். ஆனால் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு முறையால் கண்டறிந்துதான் கீறியிருக்கிறார். முறை மாறினால் அம்புக்குறியும் மாறலாம். அப்படி மாறின ஒன்றைப் பற்றித்தான் இங்கே கதைக்கப்போகிறோம்.

நினைவோடு தொடர்புடைய ஹிப்போகம்பஸையும், பசி, தாகம், உடல் வெப்பம் எல்லாவற்றையும் கவனிக்கிற ஹைப்போதலமஸையும் ஃபோர்னிக்ஸ் என்ற வளைந்த நார்க்கற்றை இணைக்கிறது. வெறுங்கண்ணுக்கே தெரியும் கற்றை அது. அதன் பெரும் பகுதி ஹைப்போதலமஸின் பின்பக்கத்தில் இருக்கும் மமிலரி மேடுகளில் போய் முடிகிறது. 1937 இல் அமெரிக்கரான ஜேம்ஸ் பேப்பெஸ், உணர்ச்சிகள் ஓடும் சுற்று என்று ஒன்றை முன்வைத்தபோது, ஹிப்போகம்பஸில் இருந்து இந்த மேடுகளுக்குப் போகும் பாதை அதில் முக்கியமான ஒரு கண்ணியாக இருந்தது.

கற்றை தெரியுது, சரி. அது எந்தக் கலங்களில் இருந்து புறப்படுது?

1950களில் வாலே நௌட்டா வளர்த்தெடுத்த முறை இப்படி: விலங்கின் மூளையில் ஓரிடத்தைச் சேதப்படுத்துவார்கள். சில நாட்கள் பொறுத்து, சிதைந்துகொண்டிருக்கும் நார்களை வெள்ளிச் சாயத்தால் கறுப்பாக்கி, அவை போன இடத்தைப் பார்ப்பார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. நடுவழியில் ரோட்டை மறித்தால் தூரத்தில் இருந்து வரும் பஸ்ஸும் நின்றுபோகும். அதற்காக அந்த பஸ் மறித்த இடத்தில் இருந்துதான் புறப்பட்டது என்று சொல்ல ஏலுமா? சேதமான இடத்தின் ஊடாகச் சும்மா கடந்து போன நார்களும் அப்படித்தான் கணக்கில் சேர்ந்துவிடும்.

1975 இல் லாரி ஸ்வான்சனும் மாக்ஸ்வெல் கோவனும் வேறு வழியில் போனார்கள். கதிரியக்க அமினோ அமிலத்தை எலியின் மூளையில் மிகச் சிறிய இடத்தில் செலுத்தினார்கள். கலத்தின் உடல் அதை எடுத்துப் புரதமாக்கி நார் வழியே அனுப்பும். கடந்து போகும் நார் அப்படிச் செய்வதில்லை. மெல்லிய மூளைத் துண்டுகளின் மேல் புகைப்படப் பூச்சைப் பூசி இருட்டில் வைத்தால், புரதம் போன பாதை வெள்ளித் துகள்களாகத் தெரியும்.

முடிவு, ஹைப்போதலமஸுக்குப் போகும் நார்கள் ஹிப்போகம்பஸின் அம்மோன் கொம்பில் இருந்து புறப்படவில்லை. பக்கத்தில் இருக்கும் சுபிகுலத்தில் இருந்துதான் புறப்படுகின்றன. அம்மோன் கொம்பின் நார்கள் ஃபோர்னிக்ஸ் வழியே செப்டம் பகுதிக்குப் போகின்றன.

ஒரு சின்னத் தூரத்துக்கு ஏன் இவ்வளவு கதை என்று கேட்கலாம். தயமின் குறைபாட்டால், பெரும்பாலும் நீண்டகாலக் குடியோடு சேர்ந்து வரும் கோர்சகோவ் நோயில் இந்த மமிலரி மேடுகள் சேதமாகின்றன. புதிய நினைவுகள் தங்குவதில்லை. அந்த மேடுகளுக்கு யார் செய்தி அனுப்புகிறார்கள் என்பது ஒரு மனிதரின் நினைவு எங்கே அறுந்தது என்ற கேள்வியும்தான்.

பேப்பெஸ் போட்ட சுற்று இடிந்து விழவில்லை, தொடங்கும் இடம் மட்டும் நகர்ந்தது. ஆனாலும் இன்றைக்கும் பல எளிய படங்களில் ஹிப்போகம்பஸ் என்று மொத்தமாகத்தான் போட்டிருக்கும். அடுத்தமுறை ஓர் அம்புக்குறியைக் கண்டால், இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றும் சேர்த்துக் கேட்போம்.