கல்லுப்பட்டிக் குடிசை – 5: மூன்றணாக் கணக்கு

1929 மே 9, பிற்பகல். சபர்மதி ஆசிரமத்தில் ஒரு மரத்தடி. மேல்நாட்டு உடையில், கைத்தடியை ஊன்றி ஜே.சி. குமரப்பா நிற்கிறார். எதிரே சாணி மெழுகிய தரையில் கிழவர் ஒருவர் ராட்டையில் நூற்றுக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தினோம்.

காந்தியைப் பார்க்கச் சொன்ன நேரத்துக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. நாற்காலி எதுவும் கண்ணில் படவில்லை. நின்றுகொண்டே கிழவரை வேடிக்கை பார்த்தார். நூற்பு முடிந்ததும் கிழவர் நிமிர்ந்து, குமரப்பா என்பது நீங்கள்தானா என்று கேட்டார். அப்போதுதான் இவருக்கு உறைத்தது. லண்டனில் தணிக்கையாளர் தேர்வு, பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இத்தனையும் பார்த்த மனிதர், பட்டுக் கால்சட்டை கசங்குமே என்று யோசிக்காமல் அந்தத் தரையில் உட்கார்ந்தார். யாரோ அவசரமாக நாற்காலி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

காரியாபட்டிக்காரர்கள் திருமங்கலம் போய் ராஜபாளையம் ரோட்டைப் பிடித்தால் டி. கல்லுப்பட்டி வந்துவிடும். அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில் குமரப்பா தன் கடைசி ஆண்டுகளைக் கழித்த குடிசையை முதல் வாரம் பார்த்தோம். அதில் ஓர் ஏழைக் கிராமத்தானின் படம் வைத்திருந்தார். யாரென்று கேட்டால், என் குருவுக்குக் குரு என்பார். தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸாகப் பிறந்தவர், அந்தப் படம் வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தார் என்பதுதான் இந்தத் தொடரின் கதை.

குமரப்பாவின் கொலம்பியா ஆய்வேட்டைப் படித்த காந்தி, அதைத் தம் ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வெளியிடச் சம்மதித்தார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவின் பொருளாதார நிலையைக் கணக்கெடுக்க வேண்டும். குமரப்பாவுக்கோ குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு 54 கிராமங்களில் இறங்கினார். நிலம் எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, வரி எவ்வளவு, வட்டிக்காரனுக்குப் போவது எவ்வளவு, கடைசியில் அடுப்பங்கரைக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். கம்பெனிகளின் வரவு செலவைச் சரிபார்த்த கை, முதல்முறையாக ஒரு குடியானவனின் வரவு செலவை எழுதியது. என் கணிப்பில் குமரப்பாவின் ஊழியம் தொடங்கியது இங்கேதான்.

நல்ல சமாரியன் கதையை ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கேட்காத கிறிஸ்தவப் பிள்ளை நம் பக்கம் இருக்க முடியாது. அடிபட்டவனைத் தூக்கிய இடத்திலேயே பெரும்பாலும் பிரசங்கம் நின்றுவிடுகிறது. அடுத்த வரிகளில் அந்தச் சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். இரக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கைத் தீர்க்கிற பொறுப்பைக் குமரப்பா தன் விசுவாசமாகவே எடுத்துக்கொண்டார்.

அதற்குச் சோதனை 1930-இல் வந்தது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் நிராயுதபாணிகளின் தலையில் தடிகள் இறங்கின. இயேசுவின் பெயரைச் சொல்லுகிற நீங்கள் இதைக் கண்டு வாய்மூடி இருக்கலாமா என்று கிறிஸ்தவ ஊழியர்களையும் மிஷனரிகளையும் பார்த்துப் பகிரங்கமாகவே கேட்டார் குமரப்பா. அன்றைய கல்கத்தாப் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட் இந்தியாவின் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கே தலைவர். சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதது என்பது அவருடைய நிலை. குருப்பட்டம் பெறாத, சபையில் எந்தப் பதவியும் வகிக்காத ஒரு தணிக்கையாளர், அந்தப் பேராயரோடு வேதத்தை வைத்தே வாதாடினார். சபையில் பெரியவர் சொன்னால் மறுபேச்சு கூடாது என்று வளர்ந்த நமக்கு, அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று தெரியும்.

1931-இல் சிறை. காந்தி–இர்வின் ஒப்பந்தம் வந்ததால் சீக்கிரமே விடுதலை. அடுத்த ஆண்டே மறுபடியும் சிறை.

1934 ஜனவரி 15. பீகாரில் பூமி குலுங்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், ஊர்கள் தரைமட்டமாயின. நாடு முழுவதிலுமிருந்து நிவாரண நிதி குவிந்தது. ராஜேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் குழுவுக்கு, வந்த பணத்தில் ஒரு தம்பிடி சிதறாமல் காக்க ஆள் தேவைப்பட்டது. ஜம்னாலால் பஜாஜ் குமரப்பாவை அனுப்பிவைத்தார்.

போனதும் அவர் போட்ட முதல் கட்டுப்பாடு சாப்பாட்டில். தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்றணா, அதற்குமேல் காலணா கிடையாது. இடிபாட்டில் குழந்தையைத் தோண்டி எடுத்தவனுக்காக யாரோ ஓர் ஏழை மடியவிழ்த்துக் கொடுத்த காசு அது. அதில் தொண்டு செய்ய வந்தவன் வயிறு வளர்க்கலாமா? முணுமுணுப்பு எழுந்தது. குமரப்பா அசையவில்லை.

பிறகு குழுக் கூட்டத்துக்காகக் காந்தியே பாட்னா வந்தார். கூடவே அவருடைய பரிவாரம். பாலும் பழமும் வேண்டும், போக்குவரத்துக்கு மோட்டார் வேண்டும், மோட்டாருக்குப் பெட்ரோல் வேண்டும். மூன்றணாவுக்குள் எதுவும் அடங்காது. எல்லோரும் குமரப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் நேரே காந்தியின் செயலர் மகாதேவ் தேசாயிடம் போனார். உங்கள் கூட்டத்தாரின் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் நிவாரண நிதியிலிருந்து பணம் தர முடியாது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

செய்தி காந்தியின் காதுக்குப் போனது. காந்தி என்ன செய்தார் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)