காத்திருப்பு வரம்பும் ஒரு வளமே: பன்னிலை உற்பத்தியில் பணி வரிசையாக்கம் குறித்து

சில்லுத் தொழிற்சாலையில் சிலிக்கான் தகடுகளைக் கழுவிய பிறகே உலைக்கு அனுப்புகிறார்கள். கழுவி எடுத்த கணத்திலிருந்தே காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் தகட்டின்மேல் ஆக்சைடு படலத்தை வளர்க்கத் தொடங்கிவிடும். அதனால் இரண்டு கட்டங்களுக்கும் நடுவே சில மணி நேரம்தான் அனுமதி. கெடு தாண்டினால் மறுபடி கழுவ வேண்டும். சில சமயம் தகட்டையே கழித்துவிட நேரும். உலையோ பல பெட்டித் தகடுகளை ஒன்றாக ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில் ஓடுவது. கழுவும் தொட்டி மட்டும் வேகமாக ஓடினால் உலை வாசலில் சரக்கு தேங்கிக் கெட்டுப்போகும். உருக்காலையிலும் இதே நெருக்கடிதான்: கொப்பரையிலுள்ள குழம்பு ஆறுவதற்குள் தொடர்வார்ப்பு எந்திரத்தைச் சேர்ந்தாக வேண்டும்.

இத்தகைய வரம்பை ஆய்வுலகம் பெரும்பாலும் மாற்ற முடியாத தரவாகவே எடுத்துக்கொள்கிறது. இந்த அணுகுமுறை போதாது என்பதே என் வாதம்.

கோட்பாட்டு வரலாற்றிலேயே இதற்கான தடயம் இருக்கிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் என்றால், இரண்டு எந்திரங்களுக்கான சிறந்த வரிசையை ஜான்சன் 1954இல் தந்த எளிய விதியே சொல்லிவிடும். காத்திருக்கவே கூடாது என்றாலும் கடினமில்லை: கில்மோரும் கோமரியும் 1964இல் தீர்த்த, பயண விற்பனையாளர் சிக்கலின் ஒரு தனிவகைக்குள் அது அடங்குவதை 1972இல் ரெட்டியும் ராமமூர்த்தியும் காட்டினர். ஆனால் 'சிறிது நேரம் காத்திருக்கலாம்' என்றதும் அதே இரண்டு எந்திரச் சிக்கல் என்பி-கடினமாகிவிடுகிறது. 1995இல் யாங்கும் செர்னும் இதை நிறுவினர். இரு முனைகளும் எளிது, நடுப்பகுதி கடினம். தொழிற்சாலைகள் இயங்குவதோ அந்த நடுப்பகுதியில்தான்.

மூன்று எந்திரங்கள், மூன்று பணிகள் கொண்ட ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எந்திர வரிசைப்படி மணிக் கணக்கு: அ-வுக்கு 1, 1, 8, ஆ-வுக்கு 1, 6, 1, இ-க்கு 8, 1, 1. காத்திருப்புக்கு இடமே இல்லை. அ, ஆ, இ என்ற வரிசையில் வேலை 14 மணியில் முடிகிறது. இப்போது ஆ-வின் நடுக்கட்டத்தை 6 மணியிலிருந்து 3 மணியாகக் குறைக்கிறோம். அதே வரிசையில் முடியும் நேரம் 17 மணியாகக் கூடுகிறது! காரணம் இதுதான்: மூன்றாம் எந்திரம் 10ஆம் மணியில்தான் அ-வை விடுவிக்கிறது. ஆ எங்கும் நிற்கக் கூடாது என்பதால், நடுக்கட்டம் சுருங்கிய அளவுக்கு அதன் தொடக்கம் பின்தள்ளப்படுகிறது. பின்னால் நிற்கும் இ-யும் கூடவே தள்ளிப்போகிறது. ஆறு வரிசைகளையும் மாற்றிப் பார்த்தாலும் 14 மணிக்குக் கீழே இறங்க வழியில்லை. எந்திரத்துக்குச் செலவழித்த பணத்துக்கு ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை. இதைவிட மோசமான நிலையும் உண்டு: சிறந்த வரிசையே முன்னைவிடப் பின்தங்கக்கூடும் என்பதை ஸ்பீக்ஸ்மாவும் வோகிங்கரும் 2005இல் காட்டினர்.

இதே கணக்கில் வேகத்தைத் தொடாமல் வரம்பை மட்டும் தளர்த்துவோம். இரண்டாம், மூன்றாம் எந்திரங்களுக்கு நடுவே 3 மணி காத்திருக்கலாம் என்றால் 17 மீண்டும் 14 ஆகிறது. முதல் இடைவெளியிலும் 3 மணி கிடைத்தால் 12 ஆகிறது. அதற்கும் கீழே போக முடியாது. முதல் எந்திரத்துக்கே 10 மணி நேர வேலை இருக்கிறது, இ-யைக் கடைசியில் வைத்தாலும் அதன் பின் அதற்கு 2 மணி வேண்டும்.

ஆகவே வரம்பு விலை கொடுத்து வாங்கக்கூடிய ஒன்று. சில்லுத் தொழிலில் ஏற்கெனவே வாங்குகிறார்கள்: தகடுப் பெட்டிக்குள் நைட்ரஜனை நிரப்பினால் ஆக்சைடு மெதுவாக வளரும், கெடு நீளும். எந்தக் கட்டத்துக்கு எத்தனை மணி கூட்டினால் எவ்வளவு பயன் என்ற கேள்வி வேதியியலாளருக்கு மட்டும் உரியதல்ல. வரிசையாக்க மாதிரியில் அது முடிவு மாறியாகவே இடம்பெற வேண்டும்.

ஒரு மறுப்பு எழலாம்: கெடு நீண்டால் தேக்கமும் கூடும், சோம்பலான திட்டமிடலுக்கு அது இடம் கொடுக்கும். நியாயமான அச்சம்தான். ஆனால் தேக்கத்துக்கு மூலம், உலையின் நிலையைப் பார்க்காமல் கழுவத் தொடங்குவது. கெடுவின் நீளம் அல்ல. உலை திடீரென்று பழுதானால் கழுவி முடித்த தகடுகளுக்குப் போக்கிடமில்லை. கழுவாத தகடோ எத்தனை நேரம் நின்றாலும் இந்தக் கெடு அதைத் தொடாது. ஆகவே மிகச் சிறந்த வரிசையைத் தேடுவதைவிட, உலை காலியாகும் நேரத்தைக் கணித்து அதற்கேற்பக் கழுவலை நிறுத்திப்பிடிக்கும் விதிக்கே நான் முதலிடம் தருவேன். நீட்டித்த கெடுவை அந்தக் கணிப்பின் பிழையைத் தாங்கும் இடைவெளியாக வைத்துக்கொள்ளலாம். கணிப்பு எந்தக் கட்டத்தில் அதிகம் தவறுகிறதோ, நைட்ரஜன் செலவு முதலில் அங்கே போகட்டும்.