யாரும் பார்க்காத பிளஸ் ஒன் மார்க்

காலேஜ் அப்ளிகேஷனுக்கு எந்த வருஷ மார்க் கணக்கு? எங்க வீட்டுலயே இதுக்கு ரெண்டு பதில் இருக்கு.

முன்பெல்லாம் பிளஸ் டூவின் 1200 மார்க்தான் கணக்கு. அதனால் பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு, நேராகப் பன்னிரண்டாம் வகுப்பை நடத்தின. அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. ஆளுக்கு 600, சேர்த்து 1200 என்றார்கள். திண்டிவனத்துல படிச்ச எங்க அக்கா அதை நம்பி ராத்திரி பகலா படிச்சா. அதே செப்டம்பரில் அரசு மாற்றிவிட்டது: உயர்கல்விக்குப் பிளஸ் டூவின் 600 மட்டும் போதும்.

அதனால அக்கா என்கிட்ட, "பாஸானா போதும்டா"ன்னா. 2020-ல அப்படியேதான் எழுதினேன். 2021-ல் கொரோனா, பிளஸ் டூ தேர்வு ரத்து. பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதம் என்று மார்க் போட்டார்கள். விழுப்புரத்துல விண்ணப்பம் போடும்போது, அந்த 20 எதிர்ல வந்து நின்னுச்சு.

2025-ல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வையே அரசு எடுத்துவிட்டது. எதை எண்ணுறாங்களோ, அதைத்தான் பள்ளிக்கூடம் நடத்தும். ஆனா நீட்டும் ஜேஇஇயும் இன்னும் பிளஸ் ஒன் பாடத்துல கேள்வி கேட்குது. புத்தகத்தை மூடிடாதீங்க.