தளர்ந்த இதயமும் உறையும் குருதியும்: தீவகத்தில் நின்று ஒரு வரலாற்றுப் பார்வை

யாழ்ப்பாணத் தீவகத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையில் காலைப் படகால் வந்து இறங்குபவர்களில் கிளினிக்குக்குப் போகிறவர்களை எளிதில் இனங்காணலாம். உப்புத்தண்ணீர் படாமல் பொலித்தீன் பையில் சுற்றிய கொப்பி ஒன்று கையில் இருக்கும். ‘இரத்தத்தை ஐதாக்கிற குளிசை’ என்று மக்கள் சொல்லும் வோபரின் குடிப்பவரின் கொப்பியென்றால், திகதிக்கு எதிரே, குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். இலக்கம் எழுதியிருக்கும். கடல் கொந்தளிக்கும் சோளகக் காலத்தில் திகதிக்கும் திகதிக்கும் இடையே வெளி விழுவது இயல்பு. வலுவிழந்த இதயமுள்ளவரின் உடலில் குருதி ஏன் கட்டியாகிறது என்ற கேள்விக்கு மருத்துவம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக விடைகளைச் சேர்த்துவந்திருக்கிறது. கொப்பியில் விழும் அந்த வெளி இன்னும் அந்தக் கணக்கில் ஏறவில்லை.

விடை தேடிய வரலாறு பெர்லினில் தொடங்குகிறது. நுரையீரல் நாடியை அடைத்து ஆளைக் கொல்லும் கட்டி அங்கேயே பிறந்ததல்ல, காலின் நாளத்தில் உருவாகிக் குருதியோட்டத்தோடு வந்து சேர்ந்தது என்று 1846இல் ருடோல்ப் விர்கோ காட்டினார். அடுத்த ஆண்டு அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) முதலிய நூல்களைத் தமிழில் தந்தவர் அவர். ஐரோப்பாவின் புதிய உடற்கூற்றறிவு ஒரு தலைமுறைக்குள் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பாடமாகியிருந்தது. இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

குருதி தேங்குதல், குழாய்ச் சுவர் பழுதாதல், குருதியின் உறையும் தன்மை கூடுதல் என்ற மூன்று காரணிகளும் விர்கோவின் பெயரில் ஒன்றாக வழங்குகின்றன. 1856இல் வெளியான அவருடைய தொகுப்பில் இவற்றுக்கு வேர் உண்டு. ‘விர்கோவின் மூன்று’ என்று பெயர் சூட்டியவர்கள் பிற்காலத்தவர். தளர்ந்த இதயத்தில் மூன்றும் கூடிவிடுகின்றன. மாரடைப்பில் செத்துத் தழும்பான இதயவறைச் சுவர் அசையாது. அதன் அடியில் குருதி குளம்போல நிற்கும். வீங்கிய கால்களின் நாளங்களிலும் அதே தேக்கம்தான். அழற்சியால் குழாய்களின் உட்சுவர் கெடுகிறது, உறைதலைத் தூண்டும் பொருள்கள் மிகுகின்றன. படுக்கையோடு கிடந்தால் இன்னும் மோசம். உடலில் நீர் வற்றினாலும் அப்படியே. பல கிணறுகள் உவராகிப்போன நெடுந்தீவின் கோடையில், குடிக்கும் தண்ணீரை அளந்து, நீரிறக்கும் குளிசையும் போடும் ஒருவருக்கு வீக்கத்துக்கும் வறட்சிக்கும் இடையே கிடைக்கும் இடம் மிகச் சிறியது. படகில் சிறுநீர் கழிக்க வசதியில்லை என்று பயணத்தன்று அந்தக் குளிசையை விட்டுவிடத் தோன்றுவதும் இயல்பே.

மூன்று காரணிகளுக்கு அடுத்ததாக வந்தது இதயத் துடிப்பு பற்றிய அறிவு. ஐந்தோவனின் இதய மின்வரைவுக் கருவி வந்த பிறகு, 1909இல் தோமஸ் லூயிஸ் ஒழுங்கற்ற நாடித் துடிப்பின் பின்னால் இருப்பது சோணையறை நடுக்கம் என்று நிறுவினார். சுருங்கி விரியாமல் வெறுமனே துடிதுடிக்கும் சோணையறையில் குருதி தேங்கிக் கட்டியாகும். அது கிளம்பி மூளைக்குப் போனால் பாரிசவாதம். இந்த ஆபத்துக்கு எண்ணைக் கொடுத்தது 1978இல் வெளியான பிராமிங்ஹாம் ஆய்வு. வாதக் காய்ச்சலின் பாதிப்பில்லாத சோணையறை நடுக்கத்தில் பாரிசவாத ஆபத்து 5 மடங்குக்கு மேல். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டிருந்தால் 17 மடங்குக்கு மேல்.

பணக்கார நாடுகளில் இந்த இரண்டாவது எண் மெல்ல மறக்கப்பட்டது. வீடுகள் விசாலமாயின, பென்சிலின் வந்தது, வாதக் காய்ச்சல் அருகியது. இலங்கையில் அது நீடித்தது. அதற்கு வித்திடும் தொண்டை அழற்சிக் கிருமி நெரிசலில் பரவுவது. பிள்ளைப் பருவத்தில் வரும் காய்ச்சல் இதயத்தின் இருகூர் வால்வை ஒட்டிச் சுருக்கி, தன் வேலையைக் காட்டப் பல ஆண்டுகள் எடுக்கும். 1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் பெருமளவு இடம்பெயர்ந்து, ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்களாக வாழ்ந்தார்கள். ஏ9 பாதை 2002 வரை மூடியிருந்தது, 2006இல் மறுபடி மூடப்பட்டது. மருந்து கப்பலில் வந்த காலம் அது. அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று முப்பதுகளின் பிற்பகுதியிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள், வால்வு நோய் வெளிப்படும் வயதில். தீவகத்தின் உறைவு ஆபத்தைப் பேசும்போது இந்த வயதினரை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மருந்தின் கதை ஒரு மாட்டோடு தொடங்குகிறது. 1933இல், பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்று குருதி பெருகிச் செத்த பசுவையும், பால்கலன் நிறைய உறையாத இரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலூடாக ஒரு விவசாயி விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் போல் லிங்கின் ஆய்வகம் அந்த நஞ்சைப் பிரித்தெடுக்க ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதன் வழிவந்த வோபரின் 1948இல் எலிப் பாசாணமாகக் கடைக்கு வந்து, 1954இல் மனிதருக்கு மருந்தானது. குருதி உறைய எத்தனை வினாடி என்று அளக்கும் முறையை ஆர்மண்ட் குயிக் 1935இலேயே வகுத்திருந்தார். ஆய்வகத்துக்கு ஆய்வகம் விடை மாறியது. 1983இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஐ.என்.ஆர். அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. வால்வு சுருங்கியவருக்கு இலக்கம் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் குருதிப்பெருக்கு. முருங்கையிலையில் விற்றமின் கே நிறைய உண்டு. அது வோபரினுக்கு எதிராக வேலை செய்யும். ஒடியற்கூழில் நண்டோடும் மீனோடும் முருங்கையிலையை அள்ளிப் போடும் ஊரில், “கீரை சாப்பிடக் கூடாது” என்ற ஒற்றை வரி அறிவுரை எடுபடாது. அளவை மாற்றாமல் ஒரே சீராகச் சாப்பிடச் சொல்வதே சரி.

சோணையறை நடுக்கமுள்ளவர்களில் யாருக்கு இந்த மருந்து வேண்டும் என்று பாரிசவாத ஆபத்தை மதிப்பிட 2001இல் சாட்ஸ்-2 என்ற புள்ளிக் கணக்கு வந்தது. 2010இல் பர்மிங்ஹாமில் கிரெகரி லிப் குழுவினர் அதை விரித்தார்கள். இதய வலுவிழப்புக்கு ஒரு புள்ளி, உயர் குருதியழுத்தத்துக்கு ஒன்று, நீரிழிவுக்கு ஒன்று, 75 வயதை எட்டினால் இரண்டு, முன்பு பாரிசவாதம் வந்திருந்தால் இரண்டு. நாடித் துடிப்பு சீராக உள்ள, ஆனால் இதயம் தளர்ந்தவர்களின் நிலை வேறு. 2012இன் வோர்செப் ஆய்வில் வோபரினால் பாரிசவாதத்தில் கிடைத்த நன்மையைக் குருதிப்பெருக்கு விழுங்கிவிட்டது. 2018இன் கொமாண்டர் ஆய்விலும் ரிவரொக்சபன் என்ற புதிய உறைவெதிர் மருந்து எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. வெறும் வலுவிழப்புக்காக எல்லோருக்கும் உறைவைத் தடுக்கும் குளிசை தேவையில்லை.

அதே பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் பின்னர் பிரேசில், சீனா, இலங்கை ஆகிய நாடுகளோடு சேர்ந்து சோணையறை நடுக்கத்தை ஆராய்ந்தபோது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இணைந்தது. ஆனால் அந்தப் புள்ளிக் கணக்கு, இருகூர் வால்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ சுருங்கியவருக்குப் பொருந்தாது. அவருக்குப் புள்ளி பார்க்காமலே வோபரின் வேண்டும். இரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி வரத் தேவையில்லாத புதிய மருந்துகள் தீவாருக்கு வரமாகும் என்று நம்பியவர்களுக்கு 2022இன் இன்விக்டஸ் ஆய்வு ஏமாற்றம் தந்தது. வாதக் காய்ச்சல் இதயநோயுள்ள 4500க்கும் மேற்பட்டோரிடம் நடந்த அந்த ஆய்வில், ரிவரொக்சபனைவிடப் பழைய வோபரின் வகை மருந்தே உயிரைக் காத்தது.

ஆகவே நெடுந்தீவாருக்குப் பரிசோதனையும் தப்பாது, அதற்கான ஒரு மணிநேரக் கடலும் தப்பாது. அவசர நோயாளரைக் கடற்படைப் படகு கரை சேர்க்கிறது, ஆனால் 1.3 என்ற இலக்கம் யாருக்கும் அவசரமாகத் தெரிவதில்லை. விரல்நுனியில் ஊசி குத்தி ஒரு துளியில் ஐ.என்.ஆர். சொல்லும் கையடக்கக் கருவிகள் இன்று உண்டு. அப்படி ஒன்று தீவின் வைத்தியசாலையிலேயே இருந்தால், கடல் விடாத கிழமையிலும் கொப்பியில் ஓர் இலக்கம் விழும். அரைக் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ யாழ்ப்பாணத்து மருத்துவர் தொலைபேசியில் சொல்லிவிடலாம்.