ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்து வைத்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஐந்து குறிகள்தான் தெரியும். ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பார்த்தவர்கள் சொல்வது ஒரே வாக்கியம்: "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு." உண்மையில் அந்தக் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று சேமித்த எண்கள் ஒன்றுகூடப் பிசகாமல் அப்படியே இருக்கின்றன. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற உடன்பாடுதான் காணாமல் போயிருக்கிறது.

திருவண்ணாமலை மாதிரி ஓர் ஊருக்கு இது சின்ன இழப்பு கிடையாது. 1989 செப்டம்பரில் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து மாவட்டத் தலைநகரான ஊர் இது. மாதா மாதம் பௌர்ணமிக்குப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம், வருஷத்துக்கு ஒரு தடவை கார்த்திகை தீபம். அன்னதான நோட்டீஸ், குடமுழுக்கு அழைப்பிதழ், தலபுராணச் சுருக்கம், அஷ்டலிங்க வழிகாட்டி, இலக்கியக் கூட்ட அழைப்பு, பள்ளி ஆண்டு மலர் என்று அச்சுக்கு எப்போதும் வேலை உண்டு. தொண்ணூறுகளிலும் அதற்கு அடுத்த பத்தாண்டிலும் இந்த மாதிரி ஊர்களில் இதெல்லாம் டிடிபி கடைகளில்தான் பிறந்தது. ஒரு கடையில் பாமினி, இன்னொன்றில் வானவில், மூன்றாவதில் ஸ்ரீலிபி. பெயர் எதுவானாலும் சிக்கல் ஒன்றேதான். ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட இருபது வருஷம், இன்றைய கணினிக்குப் புரியாத எண்களாகக் கிடக்கிறது.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தோம்? ஜே, கே என்ற எழுத்துகளிலேயே பாதி பதில் இருக்கிறது.

தட்டச்சுப் பயிற்சி நிலையத்துக்குப் போனவர்களுக்கு 'யளனகப' மறக்காது. லோயர், ஹையர் பரீட்சை எழுதிய லட்சக்கணக்கான விரல்களில் ஊறிய வரிசை அது. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் நடு வரிசையில் வலது ஆள்காட்டி விரலுக்கு 'த', நடுவிரலுக்கு 'ம', சுண்டுவிரலுக்குப் புள்ளி. ஆங்கில விசைப்பலகையில் அதே இடங்களில் இருப்பவை ஜே, கே, அரைப்புள்ளி. கணினி வந்தபோது அந்தத் தட்டச்சர்களை இழக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஆகவே குறுக்குவழி ஒன்று பிடித்தார்கள். கணினி அதை ஜே என்றே நினைத்துக்கொள்ளட்டும், திரையில் மட்டும் 'த' என்ற வடிவத்தைக் காட்டினால் போதும். பாமினி செய்தது இதைத்தான். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் அது அவ்வளவு பரவியதற்கு இந்த வசதி ஒரு முக்கியக் காரணம். பழைய கருவியில் பழகியவர் மறுநாளே புதிய கருவியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

விரலுக்கு இசைவாக எடுத்த முடிவு அது. அதற்கான விலையைக் கோப்பு கொடுத்தது. கணினிக்குள் தமிழ் என்று எதுவுமே சேமிக்கப்படவில்லை. எந்த விசை அழுத்தப்பட்டது என்ற குறிப்பு மட்டும்தான் உள்ளே போனது.

விளைவைப் பாருங்கள். பாமினியில் 'அ' இருப்பது எம் இடத்தில், 'ய' இருப்பது ஏ இடத்தில். ஒரு பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தச் சொன்னால் அருணாவுக்கு முன்னால் யமுனா வந்து நிற்பார். 'கொடி' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால், கடைசியில் 'டி'. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கோப்பிலும் இருக்கும். மொழியின் கணக்குப்படி 'க்' முதலில், 'ஒ' பிறகு. யூனிகோடு இந்த இரண்டாவது முறையைப் பின்பற்றுகிறது. அதனால் பழைய கோப்பைப் புதியதாக்க எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது, கொம்பைத் தூக்கி மெய்க்குப் பின்னால் வைக்க வேண்டும்.

அடுத்த சிக்கல், ஆளாளுக்கு ஓர் அட்டவணை. எட்டு பிட்டில் மொத்தம் 256 இடங்கள். ஆங்கிலத்தையும் வைத்துக்கொண்டு அதற்குள் 247 எழுத்துகளை அடக்க முடியாது. எனவே எழுத்துகளைக் கொம்பு, கால், கொக்கி என்று துண்டுகளாக்கித் தங்கள் விருப்பப்படி அடுக்கினார்கள். ஒரு நிறுவனத்தின் அட்டவணை இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகவைக்க வியாபாரத்தில் அவசரமும் இல்லை. ஒரு கடை ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் பத்து வருஷம் வேலை செய்துவிட்டால், அதை விட்டு நகர்வது கஷ்டம்தானே.

இதைத் தீர்க்க முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. தாம், தாப் என்று இரண்டு குறியாக்கங்களும், தமிழ்99 விசைப்பலகையும் அங்கிருந்து வந்தவை. கிட்டத்தட்ட அதே சமயத்தில், இணையத்தில் பல நாட்டுத் தமிழர்கள் விவாதித்து உருவாக்கிய திஸ்கி தனியாகப் புழங்கியது. யூனிகோடோ 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டது. ஆனால் அதைக் காட்டத் தெரிந்த விண்டோஸ் சாதாரண மக்கள் கைக்கு வந்தது, லதா எழுத்துருவோடு வந்த விண்டோஸ் 2000க்குப் பிறகுதான். ஆக, ஒரே சமயத்தில் நான்கைந்து 'பொது' முறைகள். தரம் என்று ஒன்றைக் கேட்டவர்களுக்குத் தேர்வு செய்யச் சொல்லி ஒரு பட்டியல் கிடைத்தது.

"அப்பவே யூனிகோடுக்கு மாறியிருக்கலாமே" என்று இன்று கேட்பது சுலபம். டிடிபி கடைக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவருடைய வேலை முழுக்கப் பேஜ்மேக்கரில். 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. அதற்கு யூனிகோடு தெரியாது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனில் தமிழ் எழுத்துக் கோப்பு ஒழுங்காக அமைந்தது 2012இல், சிஎஸ்6 பதிப்பில். நடுவில் பத்து வருஷத்துக்கும் மேல். மாறியிருந்தால் அவரால் பக்கம் கட்டியிருக்க முடியாது. மாறாததை மெத்தனம் என்று சொல்ல மாட்டேன். அவர் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டார். 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்திய பிறகும் இப்படிப்பட்ட கடைகளின் மூலையில் இணைய இணைப்பு இல்லாத பழைய கணினி ஒன்று ஓடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுவே.

அரசாங்கத்துக்கும் நேரம் எடுத்தது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி வந்த அரசாணை யூனிகோடைத் தரமாக ஏற்றது. அது இயங்காத இடங்களில், ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16ஐப் பயன்படுத்தலாம் என்றது. ஆணை வந்ததும் பழைய கோப்புகள் தானாக மாறிவிடவில்லை. வானவில் அவ்வையாரில் அடித்த சுற்றறிக்கைகள் அப்படியேதான் இருந்தன.

மாற்றித் தரும் செயலிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால் ஒரு பழைய கதை வெளியே வருகிறது. பாமினியில் ஹெச் இடத்தில் இருப்பது கால். ஆனால் 'ர்', 'ரி' என்று அடிக்கவும் அதே காலைத்தான் பயன்படுத்துவார்கள், வடிவம் ஒன்றுபோல இருப்பதால். ஆகவே ஹெச் வந்தால் அது காலா, ரகரமா என்று செயலிக்கு உடனே தெரியாது. பின்னால் புள்ளியோ இகரக் கொக்கியோ வருகிறதா என்று எட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இது புதுசே இல்லை. சுவடியில் காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அண்ணாமலையார் கோயில் சுவர்களில் இருக்கும் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் பொதுவாகப் புள்ளியோ நெடில் கொம்போ கிடையாது. அவற்றைப் படித்துத் தொகுத்த கல்வெட்டறிஞர்கள் செய்தது மாற்றிச் செயலியின் வேலைதான், மனித மூளையால்.

ஒரு வித்தியாசம் உண்டு. கல்லில் வடிவமே செய்தி. எழுத்துமுறையைக் கற்றுக்கொண்ட யாரும், வெட்டிய சிற்பி இறந்து ஆயிரம் வருஷம் ஆனாலும் படிக்கலாம். கோப்பில் வடிவம் இல்லை. எண்ணும் அட்டவணையும் இரண்டு தனித்தனிப் பொருட்கள். அட்டவணை தொலைந்தால் எண்ணை வைத்துக்கொண்டு புதிர் அவிழ்க்க வேண்டியதுதான்.

அட்டவணை பொதுவில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரைத் திட்டம் சாட்சி. 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி. பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து திஸ்கியில் வெளியிட்டார்கள், பிறகு யூனிகோடுக்குக் கொண்டுபோனார்கள். திஸ்கியின் அட்டவணை எல்லோர் கண்முன்னும் இருந்ததால் அந்த உழைப்பு வீணாகவில்லை. அதே காலத்தில் தனியார் எழுத்துருவில் அடித்த நூலுக்கு இந்த வாய்ப்பு குறைவு. சுரதாவின் பொங்குதமிழ், என்ஹெச்எம் மாற்றி போன்றவற்றைச் செய்தவர்கள், பல எழுத்துருக்களின் அட்டவணைகளை ஒன்றாகச் சேர்த்து அந்த வாய்ப்பை நமக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதும்போது இவர்களை அடிக்குறிப்பில் தள்ளக் கூடாது.

இதில் அவசரம் ஏன் என்றால், அந்தப் பழைய கணினிகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊரிலும் ஒரு டிடிபி கடை இருந்திருக்கும். மூடுவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். பேஜ்மேக்கர் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். கணினியின் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்து எடுங்கள், உடன்பாடு இருப்பது அதற்குள்தான். முடிந்தால் அச்சான நோட்டீஸில் ஒரு பிரதியும் வாங்குங்கள். மாற்றிய வரி சரியா தப்பா என்று சொல்ல, கடைசியில் அந்தக் காகிதம்தான் இருக்கும்.